இலியா மெச்னிகாவ்

புதுக்கோட்டைச் சீமையில் பிறந்து வளர்ந்தோருள், கருவேல முள் தைக்காத கால் உடையோர் அரியர். தைத்த இடம் சிவந்து வீங்கி, நோவெடுத்து, பின்னர்ச் சீழ் கட்டுவதைச் சிறு பருவமுதல் யாவரும் கண்டிருக்கின்றோம். அவ்வீக்கம் ஏன் உண்டாகின்றது என்னும் வினாவிற்கே தம் வாழ்நாளின் பெரும்பகுதியை ஈந்தவர் இலியா மெச்னிகாவ்.

இவர் 1845-ஆம் ஆண்டில், அக்கால ருஷியப் பேரரசைச் சேர்ந்ததும் இன்று உக்ரேன் நாட்டில் உள்ளதுமான கார்க்கோவ் நகர்ப் பக்கத்தே பிறந்தார். மருத்துவர் அல்லர், பிராணி நூல் வல்லவர். ஒடெஸ்ஸா நகரில் ஆசிரியராயிருந்த காலை, 1873-இல் இவருடைய முதல் மனைவியை க்ஷயரோகம் கொண்டுபோயிற்று. துயரம் தாங்காது உயிர்விடத் துணிந்தவர், அரிதிற் பிழைத்தார். இரண்டாம் மனைவியாகிய ஓல்காவும் பின்னர் டைபாய்டு ஜுரத்தால் மரணவாயில் வரை சென்று மீண்டார். ஆகவே நோய் என்பது இவருக்கு ஏட்டுச் செய்தி அன்று.

1882-இல் பதவியைத் துறந்து, இத்தாலி தேசத்து மெஸ்ஸினாக் கடற்கரையில் தங்கினார். ஒருநாள் வீட்டார் அனைவரும் வித்தை காட்டும் குரங்குகளைக் காணச் சென்றிருக்க, இவர் மட்டும் தனித்திருந்து, நட்சத்திர மீனின் இளங்குஞ்சை உருப்பெருக்குக் கண்ணாடியில் நோக்கிக்கொண்டிருந்தார். அதன் உடல் பளிங்குபோல் தெளிந்தது. உள்ளே சில அணுக்கள் தாமே ஊர்ந்து திரிந்தன. இவை உடலைக் காக்கும் காவலர் ஆகலாமோ என்று ஓர் எண்ணம் எழுந்தது. உடனே தோட்டத்து ரோஜாச் செடியின் முட்களைக் கொணர்ந்து அக்குஞ்சுகளின் உடலிற் செருகினார். அன்றிரவு உறக்கம் இல்லை. விடிந்ததும் நோக்க, முட்களை அவ்வணுக்கள் திரண்டு சூழ்ந்திருந்தன!

நம் இரத்தத்தில் உள்ள வெள்ளணுக்களும் இத்தொழிலையே செய்கின்றன என்றார் மெச்னிகாவ். மருத்துவர் பலர் நகைத்தனர். சீழிலுள்ள வெள்ளணுக்களுக்குள் கிருமிகள் இருத்தலை அவர்களும் கண்டதுண்டு. ஆயின் அவ்வணுக்கள் கிருமிகளைச் சுமந்து உடலெங்கும் பரப்புகின்றன என்றே கொண்டிருந்தனர். சுமப்பன அல்ல, விழுங்குவன என்பதை இவர் நீர்த்தெள்ளு என்னும் நுண்ணுயிரிடத்து நிறுவினார். ஊசி போன்ற பூஞ்சண வித்துக்கள் அதன் உடலுட் புகுகையில், அணுக்கள் அவற்றைச் சூழ்ந்து அழித்தால் தெள்ளு பிழைத்தது. அவை தோற்றால் மாண்டது. 1884-இல் இது வெளியாயிற்று.

எனினும் வழக்கு ஓயவில்லை. கிருமிகளைக் கொல்வது இரத்தநீரே, அணுக்கள் அல்ல என்று ஜெர்மானிய அறிஞர் வாதித்தனர். மெச்னிகாவ் 1888-இல் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் அமர்ந்து, இருபதாண்டுகள் விடாது விடையிறுத்தார். பிறர் கூற்றுக்குச் செவிசாய்க்கும் பொறுமை அவரிடம் மிகுதி என்று கூறுதற்கில்லை. 1908-இல் நோபெல் பரிசு அவருக்கும், எதிர்க்கட்சியினரான எர்லிக்குக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. இரத்தநீரிலுள்ள எதிர்ப்பொருள்கள் கிருமிகளைப் பற்றிக்கொள்ள, வெள்ளணுக்கள் அவற்றை எளிதில் விழுங்குகின்றன என்பது இன்று தெளிவு. சீழில் பெரும்பகுதி, போரில் மாண்ட வெள்ளணுக்களே. அழற்சி அளவுகடந்து நீடிப்பின் அதுவே நோயாதலும் பிற்காலத்தார் கண்டது.

ஒடெஸ்ஸாவில் இவரிடம் பயின்ற ஹாப்கின் என்பவரே, 1893-இல் கல்கத்தாவிற்கு வந்து வாந்திபேதிக்கு ஊசி குத்தியவர். 1897-இல் பம்பாயில் பிளேக்கிற்கும் மருந்து கண்டார்.

முதுமையில் மெச்னிகாவ், குடலில் உண்டாகும் அழுகலே ஆயுளைக் குறைக்கின்றது என நம்பி, நாடோறும் புளித்த பாலை அருந்திவந்தார். மோர்ச்சோறு உண்டு வளர்ந்த நமக்கு இது புதுமையன்று. அவரோ இதற்குப் பெருநூலே எழுதினார். 1916-இல் தமது எழுபத்தோராம் வயதில் இருதய நோயால் காலமானார். அவரது சாம்பல் அடங்கிய கலசம் பாஸ்டர் நிலையத்து நூலகத்தில் வைக்கப்பட்டது.