நிரல்களைத் தொகுத்த கிரேஸ் ஹாப்பர்

கிரேஸ் ஹாப்பர் 1906 ஆம் ஆண்டு டிசம்பர் 9 ஆம் நாள் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் பிறந்தார். சிறு வயதில் அலாரக் கடிகாரம் ஒன்றைக் கழற்றிப் பார்த்தார். மீண்டும் பொருத்த இயலவில்லை. அதன் அமைப்பை அறிய இன்னொன்றைக் கழற்றினார். இவ்வாறு ஏழு கடிகாரங்கள் பிரிந்து கிடந்ததைக் கண்ட அன்னை, இனி ஒன்றை மட்டுமே தொடலாம் என்று கட்டளையிட்டார்.

1934 இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற அவர், வாசர் கல்லூரியில் ஆசிரியராகப் பணியாற்றினார். இரண்டாம் உலகப்போர் மூண்டபோது கடற்படையில் சேர விரும்பினார். வயது மிகுதி, எடை குறைவு என்று தடை எழுந்தது. விடாது முயன்று 1943 இல் சேர்ந்தார். மறு ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த மார்க் 1 என்னும் கணினியில் பணிபுரிய அனுப்பப்பட்டார். அதன் நீளம் ஏறத்தாழ 51 அடி.

அக்காலக் கணினிகளுக்கு மனிதர் மொழி எதுவும் தெரியாது. ஒவ்வொரு கட்டளையையும் எண்களாகவும் குறியீடுகளாகவும் மாற்றியே தரவேண்டும். ஒரு கணக்குக்கு எழுதிய நிரலின் ஒரு பகுதி மற்றொரு கணக்குக்கும் தேவைப்படும். எனவே நிரலாளர்கள் பிழையற்ற சிறு நிரல்களைக் குறிப்பேட்டில் எழுதிவைத்து, வேண்டும்போது பார்த்து எழுதினர். தொல்லை அங்கேதான் தொடங்கியது. ஆங்கில எழுத்தாகிய பி, அவசரக் கையெழுத்தில் 13 ஆகிவிடும். நிரலின் இடம் மாறும்போது அதன் வரிசை எண்கள் அனைத்தையும் கூட்டித் திருத்தவேண்டும். அக்கூட்டலிலும் பிழை நேரும். கூட்டுவதற்கென்றே கட்டிய இயந்திரத்தின் அருகில் அமர்ந்து மனிதர் கையால் கூட்டிக்கொண்டிருந்தது வியப்புக்குரியதே.

1949 இல் ஹாப்பர் பிலடெல்பியா நகரில் யூனிவாக் கணினியை உருவாக்கிய நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே சிறு நிரல்களைக் காந்த நாடாவில் சேமித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அழைப்பெண் கொடுத்தார். நிரலாளர் அந்த எண்களை முறைப்படி எழுதினால் போதும். கணினியே உரிய துண்டுகளை எடுத்து, வரிசை எண்களைத் திருத்தி, ஒரே நிரலாகத் தொகுத்துவிடும். 1952 இல் உருவான இதன் பெயர் ஏ-0. துண்டுகளைத் தொகுத்ததால் இது தொகுப்பி எனப்பட்டது. ஆயினும் பலர் இதனை ஏற்கவில்லை. கணினி கணக்கிடும், நிரல் எழுதாது என்றே அவர்கள் எண்ணினர்.

அடுத்து, எண்களுக்கு மாற்றாகச் சொற்களால் கட்டளையிட முனைந்தார் ஹாப்பர். கணினிக்குச் சொல்லும் ஒரு குறியீடே. அது எம்மொழியாயினும் ஒன்றே. இதனை மெய்ப்பிக்க, ஒரே நிரலை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் எழுதி இயக்கிக் காட்டினார். அதிகாரிகள் திகைத்தனர். பிலடெல்பியாவில் செய்த அமெரிக்கக் கணினிக்கு அயல்மொழி எவ்வாறு புரியும் என்று ஐயுற்றனர். ஆங்கிலத்தில் மட்டுமே செய்வதாக உறுதியளித்து அவர்களை இணங்கவைக்கப் பல மாதங்கள் ஆயின! அம்முயற்சியில் பிறந்த மொழி புளோ-மேட்டிக்.

1959 இல் அறிஞர் குழு ஒன்று கூடி, எல்லா நிறுவனக் கணினிகளுக்கும் ஏற்ற வணிகப் பொதுமொழியை வகுக்கத் தொடங்கியது. ஹாப்பர் அதன் ஆலோசகருள் ஒருவர். புளோ-மேட்டிக்கைப் பெரிதும் அடியொற்றி அம்மொழி அமைந்தது. அதன் பெயர் கோபால். நம் நாட்டுப் பெயர்போல் ஒலித்தாலும் அது ஆங்கிலச் சொற்களின் சுருக்கமே. கோபால் நிரலுக்கு நான்கு பிரிவுகள் உண்டு. தரவுகள் ஒரு பிரிவிலும், செய்முறை மற்றொரு பிரிவிலும், கணினியைப் பற்றிய விவரம் வேறொரு பிரிவிலும் இருக்கும். ஆதலால் கணினி மாறினாலும் நிரல் முழுவதையும் புதிதாக எழுத வேண்டுவதில்லை என்பது குழுவினர் கருத்து. நடைமுறையிலோ நிறுவனத்துக்கு நிறுவனம் கோபால் வேறுபட்டது. 1966 இல் ஓய்வுபெற்ற ஹாப்பரை, இவ்வேறுபாட்டைக் களையவே கடற்படை மறு ஆண்டு திரும்ப அழைத்தது. ஆறு மாதப் பணி என்று சென்றவர் 1986 வரை பணியாற்றினார். ரியர் அட்மிரல் நிலைக்கு உயர்ந்தார். பழக்கத்தை மாற்ற மறுப்போருக்கு விடையாக, அவருடைய அறைச் சுவரில் இடப்புறமாகச் சுழலும் கடிகாரம் ஒன்று தொங்கியது. அதுவும் சரியான நேரத்தையே காட்டியது.

ஹாப்பர் 1992 ஆம் ஆண்டு சனவரி 1 ஆம் நாள் மறைந்தார். அவர் காலத்தில் புதுமையாக வந்த கோபால் இன்று பழைய மொழிகளுள் ஒன்றாகிவிட்டது. ஆயினும் உலகின் பல வங்கிகளில் அந்நிரல்கள் இன்னும் இயங்குகின்றன. அவற்றைச் சிறு கூறுகளாகப் பிரித்து, ஜாவா போன்ற மொழிகளுக்கு மாற்றும் பணியில் நிரலாளர் பலர் ஈடுபட்டுள்ளனர்.