கழிவு மேட்டில் கண்ட செல்வம்

கியோம் டேனியல் டெல்பிராட் 1856ஆம் ஆண்டு நெதர்லாந்தில் பிறந்தார். இளமையில் ஸ்காட்லாந்தில் பொறியியல் பயிற்சி பெற்றார். பின்னர், ஸ்பெயின் நாட்டுச் சுரங்கங்களில் பணியாற்றினார். 1898இல் ஆஸ்திரேலியாவுக்குச் சென்ற அவர், மறு ஆண்டே புரோக்கன் ஹில் சுரங்க நிறுவனத்தின் பொது மேலாளரானார்.

அப்போது அந்நிறுவனம் நெருக்கடியில் இருந்தது. எளிதில் உருக்கக்கூடிய மேல்மட்டத் தாது தீர்ந்துகொண்டிருந்தது. ஆழத்தில் கிடைத்த தாதுவிலோ வெள்ளியும் ஈயமும் துத்தநாகமும் பின்னிப் பிணைந்திருந்தன. தாதுவைப் பொடியாக்கி நீரில் அலசினால், கனமான ஈயத் தாது தனியே தங்கிவிடும். ஆனால், துத்தநாகத் தாதுவும் கல்துகளும் ஏறக்குறைய ஒரே அடர்த்தி கொண்டவை. அவற்றைப் பிரிக்க இயலாததால், துத்தநாகம் கழிவோடு கழிவாக மலைபோல் குவிந்தது.

டெல்பிராட் மனந்தளராமல் ஆய்வுகளை மேற்கொண்டார். 1902இல் அதற்கு வழி பிறந்தது. கழிவுத் துகளைச் சூடான அமிலக் கரைசலில் இட்டபோது வாயுக் குமிழிகள் எழுந்தன. துத்தநாகத் துகள்கள் குமிழிகளில் ஒட்டிக்கொண்டு மேலே மிதந்தன; கல்துகள்கள் அடியில் தங்கின. அதே காலத்தில், மெல்பர்னைச் சேர்ந்த சார்லஸ் பாட்டரும் இத்தகைய முறையைக் கண்டறிந்திருந்தார். காப்புரிமை தொடர்பாக அவர் நிறுவனத்தின்மீது வழக்கும் தொடுத்தார். எனினும், வீணென ஒதுக்கிய கழிவு மேடுகள் விரைவில் வருவாய் ஈட்டித் தரும் செல்வமாயின.

சுரங்கத்தை மட்டும் நம்பியிருத்தல் கூடாது என்பதை டெல்பிராட் உணர்ந்திருந்தார். அவரது முயற்சியால் 1915இல் நியூகாசல் நகரில் எஃகு ஆலை தொடங்கப்பட்டது. 1921இல் பணி ஓய்வு பெற்ற அவர், 1937இல் மறைந்தார். குமிழிகளால் தாதுவைப் பிரிக்கும் முறை மேலும் செம்மையடைந்து, இன்றும் உலகெங்கும் செம்பு, ஈயம், துத்தநாகச் சுரங்கங்களில் பயன்படுகிறது.