ருடோல்ஃப் டீசல்: எண்ணெயை மிச்சம் பிடித்தவர், பணத்தைத் தொலைத்தவர்

எம்மவர் பலர் இன்று இலண்டனில் லொறி ஓட்டுகிறார்கள். சிலர் சொந்தமாக இரண்டு, மூன்று லொறிகள் வைத்துத் தொழில் செய்கிறார்கள். அவர்களுடைய கணக்குகளைப் பார்ப்பது எமது அன்றாட வேலை. சம்பளம், காப்புறுதி, ரயர், திருத்தவேலை என்று எத்தனை நிரல்கள் இருந்தாலும் எமது கண் முதலில் போவது டீசல் என்ற நிரலுக்குத்தான். அந்தச் சொல்லைப் பல்லாயிரம் தடவை எழுதியிருப்போம். அது ஒரு மனிதரின் பெயர் என்பதும், அவரும் எம்மைப் போல இருந்த இடத்திலிருந்து விரட்டப்பட்டு இலண்டனுக்கு வந்தவர் என்பதும் எமக்குத் தெரிய வந்தது மிகவும் பிந்தித்தான்.

ருடோல்ஃப் டீசல் 1858ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் திகதி பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தை தியடோர் புத்தகம் கட்டும் தொழில் பழகியவர். ஜேர்மனியின் ஒக்ஸ்பேர்க் நகரிலிருந்து பிழைப்புத் தேடிப் பாரிசுக்கு வந்து, தோற்பொருட்கள் செய்து விற்றார். தாய் எலீசும் ஜேர்மன்காரியே. வருமானம் போதாத வீடு. தந்தை செய்த பொருட்களைக் கைவண்டியில் ஏற்றித் தள்ளிச் சென்று வாடிக்கையாளர்களிடம் சேர்ப்பது சிறுவன் ருடோல்ஃபின் வேலை. பிற்காலத்தில் உலகத்துச் சரக்கையெல்லாம் இழுக்கப்போகும் இயந்திரத்தைச் செய்தவர் முதலில் சரக்கு இழுத்தது தன் கையால்தான்.

1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. பாரிசில் வாழ்ந்த ஜேர்மனியர்கள் எதிரி நாட்டவர் ஆனார்கள், வெளியேற்றப்பட்டார்கள். டீசல் குடும்பம் கடையையும் வீட்டையும் விட்டு இலண்டன் வந்து சேர்ந்தது. ருடோல்ஃபுக்கு அப்போது 12 வயது. இங்கே ஓர் ஆங்கிலப் பாடசாலையில் சேர்க்கப்பட்டார். ஆனால் சில மாதங்கள்கூடச் செல்லவில்லை. குடும்பத்தின் நிலையைப் பார்த்த தாய், மகனைத் தனியே ஒக்ஸ்பேர்க்கில் இருந்த உறவினரிடம் அனுப்ப முடிவு செய்தார். போர் இன்னும் ஓயவில்லை. அந்தப் பிள்ளை கடல் கடந்து, ரயில் மாறி மாறித் தனியாகப் போய்ச் சேர்ந்தது.

இதை வாசிக்கும் எத்தனையோ வீடுகளில் இதே கதை உண்டு. பிள்ளையையாவது காப்பாற்றுவோம் என்று மாமாவிடமும் சித்தியிடமும் அனுப்பிவைத்த தாய்மார் எம்மிடையே இன்னும் இருக்கிறார்கள்.

ஒக்ஸ்பேர்க்கில் ருடோல்ஃபை ஏற்றுக்கொண்ட கிறிஸ்தோஃப் பார்னிக்கல் ஒரு கணித ஆசிரியர். அவர் கற்பித்த தொழிற்பாடசாலையிலேயே பையனும் படித்தான். 14 வயதில், தான் பொறியியலாளர் ஆகப்போவதாகப் பெற்றோருக்குக் கடிதம் எழுதினான். வகுப்பில் முதலாவதாக வந்து, புலமைப்பரிசிலோடு மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போனான். 1879இல் இறுதிப் பரீட்சை வேளையில் தைபொயிட் காய்ச்சல் வந்து படுத்துவிட்டதால், அடுத்த ஆண்டு தை மாதம் பரீட்சை எழுதி மிக உயர்ந்த புள்ளிகள் பெற்றார்.

மியூனிக்கில் அவருடைய பேராசிரியர் குளிரூட்டும் இயந்திரங்களுக்குப் பெயர்பெற்ற கார்ல் வொன் லிண்டே. நீராவி இயந்திரம், எரிக்கும் நிலக்கரியின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கைத்தானும் வேலையாக மாற்றுவதில்லை என்பதை டீசல் அந்த வகுப்பில் கேட்டார். நூறு ரூபாய் முதலில் தொண்ணூறு ரூபாய் கழிவாகப் போனால் எந்த முதலாளிக்கு நித்திரை வரும்? டீசலுக்கும் வரவில்லை. லிண்டேயின் கம்பனிக்காகப் பாரிசிலும் பிறகு பேர்லினிலும் வேலை செய்துகொண்டே பல ஆண்டுகள் இதைப் பற்றியே யோசித்தார். 1892இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஒக்ஸ்பேர்க் இயந்திரத் தொழிற்சாலையும் குறுப் நிறுவனமும் பணம் போட முன்வந்தன.

அவருடைய யோசனையைச் சைக்கிளுக்குக் காற்றடித்தவர்கள் இலகுவாக விளங்கிக்கொள்வார்கள். வேகமாக அடித்தால் பம்பின் அடிப்பகுதி சுடும், ஏனெனில் நெருக்கப்படும் காற்று சூடாகிறது. டீசல் அந்தக் காற்றைப் பல மடங்கு நெருக்கினார். அந்தச் சூட்டுக்குள் எண்ணெயைச் செலுத்தினால் தீப்பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளும். 1893 ஓகஸ்டில் நடந்த முதற் பரிசோதனையில் அழுத்தம் அளக்கும் கருவி வெடித்துச் சிதறியது. 1894 பெப்ரவரியில் இயந்திரம் ஏறக்குறைய ஒரு நிமிடம் தானாக ஓடியது. 1897 பெப்ரவரி 17ஆம் திகதி பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்றோற்றர் அதைப் பரிசோதித்து, எரிபொருளின் வெப்பத்தில் 26.2 வீதம் வேலையாக மாறுகிறது என்று கணக்கிட்டார். உலகம் திரும்பிப் பார்த்தது.

இங்கே எமது லொறிக்காரர்களுக்கு ஒரு சொல். இயந்திரம் காற்றின் சூட்டை நம்பியே ஓடுகிறது. தை மாதக் காலையில் உறைந்து கிடக்கும் இரும்பு அந்தச் சூட்டைக் குடித்துவிடும். எண்ணெய் முழுதாக எரியாது. வெள்ளைப் புகை வரும். எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் இறங்கி எஞ்சின் ஒயிலோடு கலக்கும். அதனால் அரை மணித்தியாலம் நிறுத்தி வைத்து உறுமவிடுவது பயனற்றது. சும்மா ஓடும் எஞ்சின் மிக மெதுவாகவே சூடாகும். ஸ்ரார்ட் பண்ணி, ஒயில் அழுத்தமும் பிரேக்குக்கான காற்றழுத்தமும் ஏறும்வரை பொறுத்து, பிறகு மெல்லப் புறப்பட வேண்டும். வெப்பமானியின் முள் ஏறும்வரை காலை அழுத்தக் கூடாது. அதன் பிறகும் சுழற்சிமானியின் பச்சைப் பகுதிக்குள் ஓட்டுவது, சிவப்பு விளக்கைத் தூரத்திலேயே கண்டு காலை எடுப்பது, ரயரில் காற்றைச் சரியாக வைத்திருப்பது எல்லாம் காசுதான். ஒரே லொறி, ஒரே பாதை, இரண்டு சாரதிகள். டீசல் பற்றுச்சீட்டுகள் மட்டும் வேறு வேறு தொகை காட்டுவதை நாம் கணக்கில் பார்த்திருக்கிறோம். டீசல் நான்கு ஆண்டுகள் ஒக்ஸ்பேர்க்கில் போராடியது இந்த வித்தியாசத்துக்காகத்தான்.

1900இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் அவருடைய முறையில் அமைந்த இயந்திரமொன்று நிலக்கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டப்பட்டது. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக்குள் இருந்தவர்களுக்கு இது புதினமல்ல. டீசல் இல்லாத அந்த நாட்களில் மண்ணெண்ணெயோடு வேறு எண்ணெயும் கலந்து வான்களையும் லொறிகளையும் ஓட்டியவர்கள் நாம். நெருக்கிய காற்று சூடாக இருந்தால் போதும், பலவித எண்ணெயும் எரியும் என்பதை எம்மூர் மெக்கானிக்குகள் புத்தகம் பார்க்காமலே அறிந்திருந்தார்கள்.

டீசல் தமது வாழ்நாளில் லொறியைக் காணவில்லை என்றே சொல்ல வேண்டும். சுவிற்சர்லாந்தின் சபீர் கம்பனியோடு சேர்ந்து 1908 அளவில் அவர் எடுத்த முயற்சி கைகூடவில்லை. எண்ணெயை உள்ளே தள்ளுவதற்குத் தேவைப்பட்ட காற்றமுக்கி மிகப் பெரிது, மிகப் பாரம். அவர் மறைந்து 11 ஆண்டுகளின் பின், 1924இல்தான் டீசல் லொறிகள் ஜேர்மனியில் விற்பனைக்கு வந்தன. 1930களில் இலண்டனின் சவுத்ஹோலில் இருந்த ஏஈசி தொழிற்சாலை சிவப்பு பஸ்களுக்கு டீசல் எஞ்சின் பொருத்தியது.

இனி அவருடைய சொந்தக் கணக்குக்கு வருவோம். 1898இல் தமது உரிமைகளை 35 இலட்சம் மார்க்குக்கு ஒரு கம்பனிக்கு மாற்றிக்கொடுத்தார். மியூனிக்கில் பெரிய மாளிகை கட்டினார். ஆனால் முதலில் விற்கப்பட்ட இயந்திரங்கள் பழுதாகிப் புகார்கள் குவிந்தன. காப்புரிமை வழக்குகள் நீண்டன. அதே ஆண்டில் நரம்புத் தளர்ச்சிக்கு வைத்தியம் எடுத்தார். கலீசியா எண்ணெய்க் கிணறுகளிலும் மியூனிக் காணிகளிலும் போட்ட பணம் கரைந்தது. ஒரு கிராம் எண்ணெயை வீணாக்க மனமில்லாதவர் தமது முதலை அளவில்லாமல் இழந்தார். வெளியில் எவருக்கும் தெரியவில்லை. மாளிகை இருந்தது, மரியாதை இருந்தது. 1912 மார்ச்சில் இலண்டனில் இயந்திரப் பொறியியலாளர் நிறுவனத்தில் உரையாற்றினார். அகதிப் பிள்ளையாக வந்துபோன ஊர் அவரை எழுந்து நின்று வரவேற்கும் நிலைக்கு வந்திருந்தது.

1913 செப்டெம்பர் 29ஆம் திகதி மாலை, இலண்டனில் நடக்கவிருந்த கம்பனிக் கூட்டத்துக்காக அன்ட்வேர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்ற கப்பலில் ஏறினார். நண்பர்கள் இருவரோடு இரவுணவு உண்டார். பத்து மணியளவில் அறைக்குப் போகும்போது, காலை 6.15க்கு எழுப்பும்படி சொன்னார். காலையில் அறையில் ஆளில்லை. படுக்கை கலையாமல் இருந்தது. தொப்பியும் மேலங்கியும் கப்பலின் பின்தளத்தில் கிடந்தன. பத்து நாட்களின் பின் கடலில் ஓர் உடலைக் கண்ட டச்சுப் படகொன்று அதன் சட்டைப்பையில் இருந்த பொருட்களை எடுத்து வந்தது. மகன் ஒய்கன் அவை தந்தையுடையவை என அடையாளம் காட்டினார்.

அவர் தாமே விழுந்தாரா, தவறி விழுந்தாரா, எவரும் தள்ளினார்களா என்பது இன்றுவரை தீரவில்லை. போர் நெருங்கிய காலம் என்பதால் பத்திரிகைகள் பல கதைகளை எழுதின. எமக்கு அந்தக் கதைகளைவிடக் கனமாக இருப்பது ஒரு பை. பயணத்துக்கு முன் அதை மனைவி மார்த்தாவிடம் கொடுத்து, அடுத்த வாரம்தான் திறக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். திறந்தபோது உள்ளே ரொக்கப் பணமும், வங்கிக் கணக்குகள் வெறுமையாகிவிட்டதைக் காட்டும் பத்திரங்களும் இருந்தன. முப்பது வருடம் கூட வாழ்ந்தவருக்கு உண்மை அன்றுதான் தெரிந்தது.

இப்படியான பைகளை நாமும் கண்டிருக்கிறோம். கடை நட்டத்தில் போவது மனைவிக்குத் தெரியாது. லொறிக்கு எடுத்த கடனை அடைக்க வீட்டின் மேல் இன்னொரு கடன். அதை அடைக்கச் சீட்டுக் காசு. ஊரில் மதிப்போடு வாழ்ந்தவர், ஊர்ச்சனத்தின் முன் விழுந்துவிட்டோமே என்ற வெட்கத்தில் கடிதங்களைப் பிரிக்காமலே அலுமாரியில் வைத்திருப்பார். எம்மிடம் கொண்டு வரும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். ஆனாலும் அந்தக் கடிதங்களை மேசையில் பரப்பி, மனைவியையும் வளர்ந்த பிள்ளைகளையும் கூட இருத்திக் கணக்குப் பார்த்த வீடுகள் அனேகமாக மீண்டிருக்கின்றன. கடன் பற்றி இலவசமாக ஆலோசனை தர இந்நாட்டில் சிற்றிசன்ஸ் அட்வைஸ் போன்ற அமைப்புகள் உள்ளன. வெட்கப்பட எதுவும் இல்லை.

பிரிக்காத கடிதம் உங்கள் அலுமாரியிலும் இருந்தால், இன்று இரவே வீட்டாருக்கு முன் அதைப் பிரியுங்கள்.