இலைக்குள் முட்டை கண்ட மால்பிகி

கோல சிலாங்கூர் பக்கத்துத் தோட்டங்களில் லயத்து வாசலில் மாமரம் பார்த்திருப்பீர்கள். சில இலைகளில் அம்மை போட்டதுபோல் கொப்புளம் கொப்புளமாக இருக்கும். ஒன்றைப் பிளந்து பாருங்கள். உள்ளே சின்னஞ்சிறு புழு இருக்கும். அது நுழைந்த வழியே தெரியாது. அப்போ இலையே புழுவைப் பெத்துப் போட்டதா?

அப்படி நினைத்தால் வெட்கப்பட வேண்டாம். இறைச்சிப் புழு ஈயின் முட்டையிலிருந்தே வருகிறது என்று 1668-ல் மெய்ப்பித்த இத்தாலிய அறிஞர் ரெடிகூட, இலைக் கொப்புளத்துப் புழுவை மட்டும் மரமே உண்டாக்குகிறது என்று எழுதிவிட்டார்!

அதைத் திருத்தியவர் அவர் நாட்டவரே, மார்செல்லோ மால்பிகி. 1628-ல் பொலோஞா நகருக்கு அருகே பிறந்தார். 21 வயதில் தாய் தகப்பன் இருவரும் போய்விட்டார்கள். மூத்த பிள்ளை, தம்பி தங்கைகள் பொறுப்பு தலைமேல் விழுந்தது. படிப்பை நிறுத்திவிட்டு வீட்டைக் கவனித்தார். பிறகு திரும்பிவந்து 1653-ல் வைத்தியப் பட்டம் வாங்கினார். தவளையின் நுரையீரலில் மயிரிழை போன்ற இரத்தக் குழாய்களை நுண்ணோக்கியில் கண்டது 1661-ல். பட்டுப்பூச்சியைப் பற்றியும் எழுதினார்.

தாய்மார்களுக்கு மாசிக்காய் தெரியும், குழந்தைக்கு உரசிக் கொடுப்பது. காய் என்று பேர்தான்; ஒருவகை ஓக் மரத்தில் பூச்சியால் உண்டாகும் வீக்கம் அது. மேலே துளை இருந்தால், பூச்சி வெளியேறிய வாசல். இப்படிப்பட்ட வீக்கங்களைத்தான் மால்பிகி அறுத்து அறுத்துப் பார்த்தார். ஒரே ஒரு முறை, ஜூன் மாதக் கடைசியில், ஓக் மரத்துத் தளிர் மொட்டின்மேல் ஒரு பூச்சி ஊசியை இறக்கி முட்டையிடுவதைக் கண்ணாலே கண்டார். இலைக்குள் இருந்த முட்டையும் பூச்சியின் வயிற்றில் இருந்த முட்டையும் ஒன்றுபோலவே இருந்தன. 1679-ல் இதை அச்சிலேற்றினார்.

இப்படி இலைக்குள் இடப்படும் முட்டை கோழிமுட்டை மாதிரி அல்ல. கோழிமுட்டை இட்ட அளவிலேயே நிற்கும். இலையைக் கீறி உள்ளே வைக்கப்படும் பூச்சிமுட்டைகள் பலவும் இலையின் ஈரத்தை உறிஞ்சி உப்பும். இலை காய்ந்தால் முட்டையும் சுருங்கிப்போகும். உள்ளே மஞ்சள் கருவின் ஒரு பக்கம் மெல்லிய பட்டை ஒன்று படியும்; அது கணுக்கணுவாகப் பிரிந்து, தலையும் வாயும் உருவாகும். மெல்லிய ஓடுள்ள முட்டையில் கண்ணின் கரும்புள்ளி வெளியே தெரிந்தால், பொரிக்கும் நாள் நெருங்கிவிட்டது.

நம் மாவிலையிலும் கொசு போன்ற ஒரு பூச்சி இளந்தளிரில்தான் முட்டையிடுகிறது. இலை முற்றி, கொப்புளம் நம் கண்ணில் படும்போது தாய்ப்பூச்சி எங்கே இருக்கும்? ஏமாந்ததற்குக் காரணம் அதுதான்.

மால்பிகி எல்லாவற்றிலும் சரியில்லை. தாய்ப்பூச்சி விடும் நீரே வீக்கத்துக்குக் காரணம் என்றார். சில பூச்சிகளில் அது உண்மை. பலவற்றில் புழுவின் எச்சில்தான் காரணம் என்று பின்னால் தெரிந்தது.

சொந்த ஊரில் அவருக்குப் பகைவர் நிறைய. 1684-ல் வீடு தீப்பற்றி, நுண்ணோக்கிகளும் எழுதிவைத்த தாள்களும் நாசமாயின. அப்போது வயது 56. மறுபடி எழுத உட்கார்ந்தார். 1691-ல் போப்பாண்டவரின் வைத்தியராக ரோமுக்குப் போனவர், 1694 நவம்பரில் அங்கேயே காலமானார். மிஞ்சிய எழுத்துக்கள் 1697-ல் லண்டனில் அச்சாயின.