போர்ட் 25-க்குப் பின்னாடி ஒரு தாடிக்காரர்

பைத்தான்லயோ கோ மொழியிலயோ பத்து வரி எழுதி ஒரு மெயில் அனுப்பிப் பார்த்திருப்பீங்க. அந்தப் பக்கம் சர்வர் 250-ன்னு பதில் சொன்னா எல்லாம் சரின்னு அர்த்தம். மெயில் சர்வருக்கு போர்ட் 25-ன்னு பாடத்துலயும் படிச்சிருப்போம். ஏன் 250? ஏன் 25? லைப்ரரி எழுதினவர் இதையெல்லாம் எங்கிருந்து எடுத்தார்? தேடிக்கிட்டே போனா, 1982 ஆகஸ்டில் வந்த ஆர்எஃப்சி 821 என்ற ஆவணத்துல போய் நிப்போம். எழுதியவர் ஜான் போஸ்டல்.

1943 ஆகஸ்ட் 6 அன்று கலிஃபோர்னியாவின் ஆல்டடீனாவில் பிறந்தார். யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் இன்ஜினியரிங் படித்தார். 1969-இல் ஆர்பாநெட்டின் முதல் கணினி இணைக்கப்பட்டது அங்கேதான். அப்போது அவர் நம்மள மாதிரி ஒரு மாணவர். நீண்ட தாடி, காலில் செருப்பு, லீவு கிடைத்தால் சியரா மலைகளில் நடைப்பயணம்.

அன்றைய சிக்கல் எளிமையானது: ஒவ்வொரு கம்பெனியின் கணினியும் ஒவ்வொரு மாதிரி. ரெண்டு மெஷின் பேசணும்னா ரெண்டு பேரும் ஒரே ஒப்பந்தத்தைக் கடைப்பிடிக்கணும். அதை எழுதி வைக்க, நண்பர் ஸ்டீவ் கிராக்கர் ஆர்எஃப்சி என்ற குறிப்பு வரிசையைத் தொடங்கினார். அதைத் தொகுக்கும் வேலை போஸ்டலிடம் வந்தது. சாகும்வரை அவரே பார்த்துக்கொண்டார்.

எந்தச் சேவைக்கு எந்த எண் என்ற குழப்பமும் இருந்தது. 1972-இல் ஒரு குறிப்பு எழுதினார்: எண்களைப் பகிர்ந்து கொடுக்க ஒரு ஆள் வேணும், அது நானாக இருக்கலாமா என்று. யாரும் மறுக்கவில்லை. அந்த வேலைதான் பிற்பாடு ஐயானா என்ற பெயர் பெற்றது.

1977-இல் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஐஎஸ்ஐ நிறுவனத்தில் சேர்ந்தார். யூடிபி, ஐபி, டிசிபி ஆவணங்கள் 1980, 1981-இல் அவர் கையால் வந்தன. 1980-இல் அவர் வைத்த விதி இது: அனுப்பும்போது கறாராக இரு, வாங்கும்போது தாராளமாக இரு. வேறு வேறு ஆட்கள் எழுதின கோடு எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பேச இது பெரிய உதவி.

ஆனா இதுல ஒரு ஆபத்தும் இருக்கு. எஸ்எம்டிபி-யில் மெயில் முடிஞ்சதுன்னு சொல்ல ஒரு வரியில் புள்ளி மட்டும் வைக்கணும். அந்த வரி எப்படி முடியணும்னும் விதி இருக்கு. சில சர்வர்கள் தாராளமா தப்பான வரி முடிவையும் ஏத்துக்கிட்டதால, ஒரு மெயிலுக்குள்ள இன்னொரு போலி மெயிலைக் கடத்தலாம்னு 2023-இல் வெளிவந்தது. பார்சர் எழுதுறவங்க இன்னிக்கு அந்த விதியோட முதல் பாதியை அப்படியே வெச்சுக்கலாம். ரெண்டாம் பாதியை யோசிச்சுத்தான் எடுக்கணும்.

அவரிடம் எவ்வளவு அதிகாரம் இருந்தது என்பது 1998 ஜனவரி 28 அன்று தெரிந்தது. டொமைன் பெயர்களின் உச்சியில் இருக்கும் ரூட் சர்வர்களை நடத்துபவர்களில் 8 பேருக்கு ஒரு மெயில் போட்டார்: இனி தலைமைப் பட்டியலை நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் கம்பெனியிடமிருந்து எடுக்காமல் ஐயானாவிடமிருந்து எடுங்கள் என்று. சட்ட உத்தரவு எதுவும் இல்லை. எட்டுப் பேரும் மாற்றினார்கள். அமெரிக்க அரசு கோபப்பட்டது. அது ஒரு சோதனை மட்டுமே என்று சொல்லி, பழையபடி திருப்பினார். இத்தனை பெரிய விஷயம் ஒரு மனிதர் மேல் இருந்த நம்பிக்கையில் ஓடுவதா என்ற கேள்வி வலுத்தது. அந்த ஆண்டே ஐகேன் அமைப்பு உருவானது.

அது வேலையைத் தொடங்கும் நேரத்தில், 1998 அக்டோபர் 16 அன்று, இதய அறுவை சிகிச்சைக்குப் பின் ஏற்பட்ட சிக்கலால் போஸ்டல் இறந்தார். வயது 55. மறுநாள் நண்பர் விண்ட் செர்ஃப் எழுதிய அஞ்சலி, ஆர்எஃப்சி 2468 ஆக அதே வரிசையில் வெளியானது.

ஆர்எஃப்சி 821-க்குப் பிறகு புதிய பதிப்புகள் வந்துவிட்டன. ஆனா அடிப்படைக் கட்டளைகள் இன்னும் அதேதான். ஒரு வார இறுதியில அதைத் திறந்து, லைப்ரரி இல்லாம வெறும் சாக்கெட்டை வெச்சு ஒரு மெயில் அனுப்பிப் பாருங்க. 250-ன்னு பதில் வரும்.