லூயி பாஸ்டரும் மறுமுறைத் தேர்வும்

பரீட்சையில் தவறியவன் மறுமுறை எழுதுதல் உலக வழக்கு. முதற்கட்டத்தில் தேறிய ஒருவர், தாம் பெற்ற இடம் தமக்கு நிறைவளிக்கவில்லை எனக் கருதி, திறக்கத் தொடங்கிய வாயிலினின்றும் திரும்பிச் சென்று, ஓராண்டு உழைத்து, மீண்டும் அத்தேர்வையே எழுதினார் என்றால் அது வியப்பிற்குரியதன்றோ? அங்ஙனம் செய்தவர் பிரெஞ்சு தேசத்துப் பேரறிஞர் லூயி பாஸ்டர் ஆவர்.

இவர் 1822 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 27 ஆம் நாள் ழூரா மலைநாட்டைச் சார்ந்த தோல் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் நெப்போலியனது படையிற் சேவித்து விருது பெற்றவர். பின்னர் தோல் பதனிடுந் தொழிலால் குடும்பத்தைப் பேணி வந்தார். தாம் பெறாத கல்வியை மகன் பெறல் வேண்டும் என்பதே அவர்தம் பெருவிருப்பம். குடும்பம் ஆர்புவா என்னும் சிற்றூரிற் குடியேறியது. இளமையில் லூயி படிப்பிற் சிறந்தவராக எண்ணப்படவில்லை. ஓவியம் தீட்டுவதிலேயே நாட்டமுடையவராயிருந்தார். ஆயினும், எதனையும் உறுதியாக ஆராய்ந்தறிந்த பின்னரே கூறும் இயல்பு அவரிடம் இருந்ததை ஆர்புவாக் கல்லூரித் தலைவர் கண்டு, அவரை எக்கோல் நோர்மால் என்னும் உயர்தரக் கல்லூரிக்கு ஆயத்தப்படுத்துமாறு தந்தையாருக்கு அறிவுறுத்தினார். பாரிசு மாநகரிலுள்ள அக்கல்லூரி பேராசிரியர்களை உருவாக்கும் இடம். அதனுட் புகுவதற்குக் கடும்போட்டித் தேர்வு நடைபெறும்.

1838 ஆம் ஆண்டு, பதினைந்து வயதில், லூயி பாரிசுக்கு அனுப்பப்பட்டார். வீட்டு நினைவு அவரை வாட்டிற்று. சில வாரங்களுக்குள் தந்தையாரே வந்து அவரை அழைத்துச் சென்றார். இது முதல் இடையூறு. பின்னர் ஊருக்கு அணித்தாயுள்ள பெசான்சோன் நகரக் கல்லூரியிற் சேர்ந்து, 1840 இல் இலக்கியப் பட்டம் பெற்றார். அங்கேயே இளைய மாணவர்க்குத் துணையாசிரியராக இருந்துகொண்டு விஞ்ஞானப் பட்டத்திற்குப் படித்தார். 1841 இல் அப்பரீட்சையிற் தவறினார். இது இரண்டாம் இடையூறு. 1842 இல் திஜோன் நகரில் மீண்டும் எழுதித் தேறினார். அப்பொழுது இரசாயனத்தில் அவருக்குக் கிடைத்த மதிப்பு நடுத்தரமே. பிற்காலத்தில் அச்சாத்திரத்தின் போக்கையே மாற்றியவர் இவரே என்பதை அன்று தேர்வாளர் எங்ஙனம் அறிவர்?

அதே ஆண்டில் எக்கோல் நோர்மால் நுழைவுத் தேர்வின் முதற்கட்டத்தை எழுதினார். தகுதி பெற்றோர் இருபத்திருவர். அவருள் பாஸ்டரின் பெயரும் இருந்தது. ஆனால் வரிசையிற் தாழ்ந்த இடத்தில் இருந்தது. மேலும் தொடர்ந்து தேர்வெழுத அவருக்கு உரிமையுண்டு. அவரோ தொடரவில்லை. அடுத்த ஆண்டு வருவதெனத் தீர்மானித்தார்.

இத்தீர்மானத்தின் கனத்தை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தந்தையார் செல்வர் அல்லர். ஓராண்டு நீடித்தால் செலவும் நீடிக்கும். கையிலிருந்த வாய்ப்பு மறுவருடமும் வாய்க்கும் என்பதற்கு உறுதி யாது? முன்னரே ஒரு பரீட்சையிற் தவறியவர் அவர். மறுமுறை இன்னும் தாழ்ந்த இடம் பெற்றிருப்பின், அவரது செயல் வீண் பிடிவாதம் என்றே ஊரார் பேசியிருப்பர்.

அவ்வாண்டை அவர் எங்ஙனங் கழித்தார் என்பதிலேயே பாடம் அமைந்துள்ளது. முன்பு வீட்டு நினைவால் விட்டோடிய அப்பாரிசுக்கே திரும்பினார். பார்பே என்பாரது மாணவர் விடுதியில் தங்கி, விடியற்காலையில் இளைஞர்க்குக் கணிதம் கற்பித்தார்; அதனால் விடுதிக் கட்டணம் குறைந்தது. பகலில் லீசே சேன் லூயி என்னும் பள்ளியிற் பயின்றார். சோர்போனில் இரசாயனப் பேராசிரியர் தூமா நிகழ்த்திய விரிவுரைகளைப் பெருங்கூட்டத்தினிடையே அமர்ந்து கேட்டார். நடுத்தர மதிப்புப் பெற்ற அப்பாடமே இப்பொழுது அவருள்ளத்தைக் கவர்ந்தது. பௌதிகத்தில் பள்ளியின் முதற்பரிசையும் அடைந்தார். 1843 இல் மீண்டும் தேர்வு எழுதியபொழுது, முதல் ஐவருள் ஒருவராக எக்கோல் நோர்மாலுட் புகுந்தார்.

பின் நிகழ்ந்தவை உலகறிந்தவை. 1847 இல் டாக்டர் பட்டம் பெற்றார். மறு ஆண்டிலேயே, ஓர் உப்பின் படிகங்கள் வலக்கையும் இடக்கையும்போல இருவகையாயிருத்தலை நுண்நோக்கியாற் கண்டு, அவற்றைக் கையாலேயே பிரித்தெடுத்து, அணுக்களின் அமைப்பைப் பற்றிய புதியதோர் ஆராய்ச்சிக்கு வழி திறந்தார். 1857 இல் விஞ்ஞானக் கழகத்தின் உறுப்பினராக முயன்று தோற்றார். 1862 இல் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே 1857 இல், தாம் ஒருகாலத்து உட்புகாது திரும்பிய எக்கோல் நோர்மாலிலேயே விஞ்ஞானக் கல்வியின் தலைவரானார். புளிப்பு நுண்ணுயிரால் நிகழ்வதென நிறுவினார். 1868 இல் பாரிசவாயுவால் உடலின் இடப்பாகம் தாக்குண்ட பின்னரும் ஆராய்ச்சியை விட்டாரல்லர். 1885 ஆம் ஆண்டு ஜூலை மாதம் 6 ஆம் நாள், வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவனுக்குத் தமது சிகிச்சையைத் தொடங்கினார், சிறுவன் பிழைத்தான். 1895 இல் பாஸ்டர் மறைந்தார். நம் நீலகிரியிலுள்ள குன்னூரில் 1907 இல் தொடங்கப்பெற்ற நிலையமும் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

மாணவ நண்பர்களே! மேற்படிப்பிற்கும் ஆராய்ச்சிப் பட்டத்திற்கும் நுழைவுத் தேர்வு எழுதி, எதிர்பார்த்த எண்ணைப் பெறாது, மறுமுறை எழுதலாமா என மயங்குவோர் நம்மிடையேயும் உளர். பாஸ்டர் எழுதினார் என்பதனாலேயே யாவரும் எழுதல் வேண்டுமென்பதில்லை. குடும்ப நிலையும், கையிலுள்ள வாய்ப்பின் தன்மையும் ஆராயத்தக்கன. அவற்றிற்கும் மேலாக ஒரு வினா உண்டு: இடைப்பட்ட ஓராண்டில் நாம் எதைப் புதிதாகக் கற்கப் போகின்றோம்? பாஸ்டரிடம் இதற்கு விடை இருந்தது. அதிகாலையிற் கற்பித்தலும், தூமாவின் விரிவுரையும், இரசாயனத்தில் எழுந்த ஆர்வமும் அவ்விடையாயின. அத்தகைய விடை உடையவன் அஞ்சாது மறுமுறை எழுதலாம். அவனுக்கு அவ்வாண்டு வீணாகாது.