நிலா தப்பான இடத்தில் உதித்தபோது

பரீட்சைப் பேப்பரில் ஒரு பக்கத்தை வெறுமையா விட்டா நமக்கு மார்க் போகும். இங்கிலாந்தில் எவனோ ஒரு பையன் விட்ட வெற்றுப் பக்கத்தால் உலகத்துக்கு ஒரு நாடே கிடைத்தது. ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் ஜே.ஆர்.ஆர். டோல்கீன், குடும்பச் செலவுக்குக் கூடுதல் காசு வேணுமேன்னு கோடைக்காலத்தில் பள்ளி மாணவர்களின் விடைத்தாள் திருத்திக்கிட்டிருந்தார். வெற்றுப் பக்கத்தைக் கண்டதும் அலுப்பு தீர, வளைக்குள் வாழும் ஹாபிட் என்று ஏதோ ஒன்றைப் பற்றி ஒரு வரி கிறுக்கி வைத்தார். ஹாபிட்னா என்னன்னு அப்போ அவருக்கே தெரியாது. 1937-இல் ஹாபிட்டின் கதை புத்தகமாக வந்தது. பதிப்பாளர் இன்னொன்னு கேட்டார். அதுதான் வளர்ந்து ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ ஆச்சு.

மூணு படத்தையும் பார்த்துட்டு ஹாஸ்டலில் விடிய விடிய பேசியிருப்பீங்க. ஆனா அந்த மிடில் எர்த் எங்கிருந்து வந்ததுன்னு தேடினா, சினிமாவைவிட அந்த மனுஷனோட வாழ்க்கை கனமா இருக்கு.

1892 ஜனவரி 3 அன்று, இன்றைய தென்னாப்பிரிக்காவின் புளூம்ஃபான்டெய்னில் பிறந்தார். அப்பாவுக்கு வங்கி வேலை. மூணு வயசில் அம்மாவோடும் தம்பியோடும் இங்கிலாந்து போனார். பின்னாலேயே வர வேண்டிய அப்பா வரவேயில்லை, 1896-இல் காய்ச்சலில் அங்கேயே இறந்துபோனார். பர்மிங்ஹாம் பக்கத்தில் சேர்ஹோல் என்ற கிராமத்தில் மூவரும் குடியேறினார்கள். ஒரு மாவு மில், குளம், மரங்கள். அங்கே இருந்த நாலு வருஷம்தான் பிற்பாடு ஹாபிட்கள் வாழும் ஷயர் ஆனது. குளத்தோரம் நின்ற ஒரு மரத்தை யாரோ வெட்டினாங்க, வெட்டினதை எதுக்கும் பயன்படுத்தாம அப்படியே போட்டுட்டுப் போயிட்டாங்க. வயசான பிறகும் அவர் அதை மறக்கலை. மரங்களை மேய்க்கும் என்ட்கள் கோபத்தோட கிளம்பிப்போய்ச் சாருமானின் கோட்டையை உடைக்கிற இடத்தைப் படிக்கும்போது எனக்கு அந்த மரம்தான் ஞாபகம் வரும்.

1904-இல் அம்மாவும் சர்க்கரை நோயில் போய்ச் சேர்ந்தார். இன்சுலின் கண்டுபிடிக்க இன்னும் 17 வருஷம் இருந்தது. பையனுக்கு வயசு 12. அதுக்கப்புறம் அவருக்குக் குடும்பம்னா பள்ளிக்கூட நண்பர்கள்தான், நாலு பேர் கொண்ட ஒரு கேங். 1916-இல் சிக்னல் அதிகாரியாக சோம் போர்க்களத்துக்குப் போனார். அந்த ஒரே வருஷத்தில் நாலில் இரண்டு பேர் செத்தாங்க. இவருக்குப் பேன் கடித்துப் பரவும் பதுங்குகுழிக் காய்ச்சல் வந்து ஊருக்கு அனுப்பினாங்க. பிழைத்தது அந்தப் பேனாலதான்னுகூடச் சொல்லலாம். ஆஸ்பத்திரியிலும் ஓய்விலும் இருந்த அந்த மாசங்களில்தான் மிடில் எர்த்தின் முதல் கதைகளை எழுத ஆரம்பித்தார்.

நாட்டுக்கும் முந்தி மொழி வந்தது. ஃபின்னிஷ் சாயலில் ஒன்று, வெல்ஷ் சாயலில் ஒன்று என எல்ஃப்களுக்கு இலக்கணத்தோடு மொழி கட்டினார். மொழி இருந்தா பேச ஆள் வேணும், ஆள் இருந்தா இருக்க இடம் வேணும். இப்படித்தான் அந்த உலகம் விரிந்தது. குதிரையே வாழ்க்கையான ரோஹான் புல்வெளி மக்களுக்குப் பழைய ஆங்கிலப் பெயர்கள், குள்ளர்களுக்குப் பழைய நார்ஸ் பெயர்கள். லோத்லோரியனில் பொன் இலை மல்லோர்ன் மரங்கள். மோர்டோர் போகும் வழியில் தண்ணிக்கடியில் செத்தவங்க முகம் தெரியும் சதுப்பு நிலம். அதில் சோம் போர்க்களத்தின் சாயல் இருக்குன்னு அவரே ஒத்துக்கிட்டார்.

நம்ம ஆளுங்களுக்குப் பிடிச்ச பகுதி இனிதான். கதையில் பயணக் கூட்டம் பிரிந்து ஆளுக்கொரு திசையில் போகும். யார் எந்த நாளில் எத்தனை மைல் நடந்தாங்க என்று கணக்கு வைத்தார், கிராஃப் தாளில் வரைபடம் போட்டார். 1944-இல் பார்த்தால், ஒரே நாளில் ஒரு பக்கம் நிலா உதிக்குது, இன்னொரு பக்கம் மறையுது! உட்கார்ந்து அத்தியாயங்களைத் திருத்தினார். ஷயருக்கு 12 மாசமும் 30 நாள், மீதி 5 நாள் எந்த மாசத்திலும் சேராது என்று தனிக் காலண்டரே உண்டு. டீபக் பண்ணத் தெரிந்தவங்களுக்கு இந்த வலி புரியும்.

இவ்வளவு கவனம் எல்லா மக்களுக்கும் கிடைத்ததா? இல்லை. தெற்கே ஹராட் என்று ஒரு வெயில் நாடு, கறுத்த மனிதர்கள், மலை மாதிரி யானைகள். அவங்க மொழி என்ன, பாட்டு என்ன, ஒன்றும் தெரியாது. எதிரிப் படையில் வந்து சாவதோடு சரி. யானையைச் சாமியாக் கும்பிடுற ஊர்க்காரனுக்கு இது உறுத்தாம இருக்குமா? ஆனா ஒரு இடம் இருக்கு. காலடியில் செத்து விழுந்த ஒரு தெற்கத்தி வீரனைப் பார்த்து, இவன் பேர் என்ன, நிஜமாவே கெட்டவனா, எந்தப் பொய்யை நம்பி வீட்டை விட்டு வந்தான் என்று சாம் யோசிக்கிறான். போர்க்களம் பார்த்த ஆள் எழுதினதுன்னு அங்கே தெரிஞ்சுபோகும்.

எழுதி முடிக்கவே ஏறக்குறைய 12 வருஷம். நஷ்டம் 1,000 பவுண்டு வரை போகலாம்னு பதிப்பகம் கணக்குப் போட்டது. அதனால் செலவு தேறும்வரை எழுத்தாளருக்குக் காசு இல்லை, பிறகு லாபத்தில் பாதி என்று ஒப்பந்தம். 1954, 1955-இல் மூணு பாகமா வந்தது. அந்தப் பாதி லாபம் அவரைப் பணக்காரர் ஆக்கிருச்சு.

1973 செப்டம்பர் 2 அன்று, 81 வயதில் இறந்தார். சோமிலிருந்து திரும்பி எழுத ஆரம்பித்த பழைய கதைகள், ‘சில்மரில்லியன்’, அப்பவும் முடியாமத்தான் கிடந்தன. அப்பாவின் கதைக்கு அச்சில் வந்த வரைபடத்தை வரைந்த மகன் கிறிஸ்டோபர், ஆக்ஸ்ஃபோர்டு வேலையை விட்டுட்டு அந்தக் காகிதக் குவியலோடு உட்கார்ந்தார். 1977-இல் சில்மரில்லியன் வந்தது. மிச்சமிருந்த கையெழுத்துப் படிகளைப் படித்து, வரிசைப்படுத்தி, 12 தொகுதிகளாக அவர் வெளியிட்டு முடித்தபோது வருஷம் 1996.